பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களைவிட, விட்டுவிட்டு ஏன் பேய்ப்படம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். சினிமாவுக்குப் போவதென்றால்கூடச் சரி, ஒரு குடும்பக் கதையோ காதல் கதையோ எழுதிவிட்டு மெதுவாக இதற்கு வரலாமே என்கிறார்கள். அம்மா கேட்டது வேறு மாதிரி: "எடுக்கறதுதான் எடுக்கற, ஒரு சாமி படமா எடுக்கக் கூடாதாப்பா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதியிலேயே பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அதனால் முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். திருச்சியில் இருந்துகொண்டு வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கடன் கேட்டு யாராவது விண்ணப்பித்தால் அந்த வீட்டை நேரில் போய்ப் பார்த்து, டேப் பிடித்து அளந்து, நான்கு எல்லைகளும் பத்திரத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சரிபார்த்து, போட்டோ எடுத்து, மனைக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, தேய்மானம் போக மிச்சம் இவ்வளவு என்று ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ஸ்ரீரங்கம், மணப்பாறை, துறையூர், புதுக்கோட்டை, காரைக்குடி என்று சுற்றிய வேலை. நல்ல வேலை, மரியாதையான வேலை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் புதிதாகக் கடன் வாங்கும் வீடுகளை மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. கடன் கட்ட முடியாமல் போன வீடுகளையும் பார்க்க வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும். அப்புறம் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வரவில்லை என்றால் வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலத்துக்குக் கொண்டுவரும். ஏலத்தில் குறைந்தபட்ச விலை என்ன வைப்பது என்று முடிவு செய்ய ஒரு மதிப்பீட்டாளர் உள்ளே போக வேண்டும். ஆட்கள் வெளியேறிய பிறகு அந்த வீட்டுக்குள் போகும் முதல் சில பேரில் நானும் ஒருவனாக இருப்பேன்.

அந்த வீடுகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும். தினசரி காலண்டர் ஏதோ ஒரு தேதியோடு நின்றிருக்கும். கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருப்பார்கள், பக்கத்தில் பெயரும் வருடமும் இருக்கும். சாமி அலமாரியில் படங்களை எடுத்துப்போன இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும், சுற்றிலும் புகை படிந்து கறுத்திருக்கும். ஒரு வீட்டில் ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள், ஆனால் போகும் முன் வீட்டைச் சுத்தமாகக் கழுவி விட்டிருந்தார்கள். வேறு ஒருவருடையதாகப் போகிற வீட்டை ஒரு பெண் எதற்காகத் தேய்த்துக் கழுவினாள் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. என் படிவத்தில் கேட்டிருந்ததெல்லாம் தளம் மொசைக்கா டைல்ஸா, கட்டடத்தின் வயது என்ன, எஞ்சிய ஆயுள் எவ்வளவு என்பதுதான்.

செட்டிநாட்டுப் பக்கம் போனால் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். முகப்பு, வளவு என்ற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடுகள். வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒரு காலத்தில் பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தப் பங்குகள் பேரன், கொள்ளுப்பேரன் என்று கிளை பிரிந்து, ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாமல், ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொருவர் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே அத்தனை பூட்டு. காவலுக்கு இருக்கும் பெரியவர், "தம்பி, அந்த அறைய மட்டும் தட்டாதீங்க" என்று சொன்னால் காரணம் கேட்கத் தோன்றாது.

நான் பார்த்த மட்டில் நம்மூர்ப் பேய்க்கதைகளில் இருட்டைவிட வீடுதான் பெரிய விஷயம். யார் இந்த வீட்டில் இருந்தார்கள், யார் ஏமாற்றப்பட்டார்கள், யாருக்கு வரவேண்டிய பங்கு வரவில்லை, வாழ வந்த எந்தப் பெண்ணை இங்கே வாழவிடவில்லை. பாட்டி சொன்ன கதையை எடுத்துக்கொண்டாலும் சரி, தியேட்டரில் பார்த்ததை எடுத்துக்கொண்டாலும் சரி, தோண்டினால் அடியில் ஒரு சொத்துத் தகராறோ ஒரு அநியாயமோ கிடக்கிறது. மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஒரு வீட்டின் கைமாறல்களையெல்லாம் வரிசையாகப் படிக்கத் தெரிந்த எனக்கு, அந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போடாத ஆட்களைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. அவர்களைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வடிவம் பேய்க்கதை. சமூகப் படமாக எடுத்தால் பாவம் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பேய்ப்படத்தில் அந்த ஆள் போகமாட்டார், பார்க்கிறவர் பக்கத்திலேயே இருப்பார்.

இதற்கு முன்னால் இப்படி வேறு வேலையிலிருந்து வந்தவர்கள் யார் என்று தேடித் தேடிப் படித்தேன். நம்மிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கார்த்திக் சுப்பராஜ். சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி வழியாக வந்து, 2012-இல் 'பீட்சா' எடுத்தார். அதில் ஒரு பெரிய பகுதி ஒரு வீடு, ஒரு ஆள், ஒரு டார்ச் லைட், அவ்வளவுதான். அந்தப் படத்துக்குப் பிறகு, கையில் பெரிய காசு இல்லாதவனும் பயத்தை வைத்து உள்ளே வரலாம் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்கே வந்தது. அமெரிக்காவில் ஓரன் பெலி என்ற வீடியோகேம் புரோகிராமர் 2006-இல் சான் டியேகோவில் தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில், சுமார் 15 ஆயிரம் டாலரில் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை எடுத்தார். அது தியேட்டருக்கு வர 2009 ஆகிவிட்டது. இடையில் அந்த மனிதர் எப்படித் தூங்கினார் என்றுதான் நான் யோசிப்பேன்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியவர் இவர்கள் இருவரும் இல்லை, ஹெர்க் ஹார்வி. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் பாடப்படங்கள் எடுத்துக் கொடுக்கும் சென்ட்ரான் என்ற கம்பெனியில் இயக்குநராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கலிபோர்னியாவிலிருந்து காரில் திரும்பி வரும்போது சால்ட் லேக் ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய கேளிக்கை மண்டபத்தைப் பார்க்கிறார். சால்ட்ஏர் என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து நடனமாடிய இடம், இப்போது தண்ணீரும் வற்றி, ஆளில்லாமல் நிற்கிறது. அந்த இடத்தை வைத்து ஒரு கதை எழுது என்று கூட வேலை பார்த்த ஜான் கிளிஃபோர்டிடம் சொல்கிறார். அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று வாரத்தில், சுமார் 33 ஆயிரம் டாலரில் படப்பிடிப்பை முடித்து, முக்கியமான பேய் வேடத்தையும் தானே போட்டுக்கொண்டு, 1962-இல் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' வெளிவந்தது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியிலும் பின்னிரவுக் காட்சிகளிலும் பார்த்துப் பார்த்துத்தான் அதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். ஹார்வி அதற்குப் பிறகு முழுநீளக் கதைப்படம் இன்னொன்று எடுக்கவே இல்லை, பழைய வேலைக்கே திரும்பிவிட்டார்.

இதை நான் சோகக் கதையாகப் படிக்கவில்லை. கதைக்கு முன்னால் இடம் வந்திருக்கிறது, பாருங்கள். ஒரு கட்டடத்தைப் பார்த்ததும், இங்கே யாரோ இன்னும் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எத்தனையோ வீட்டு வாசலில் சாவியோடு நின்று எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. இன்னொன்று, தினமும் எடுத்துக்கொண்டிருந்த அலுப்பான பாடப்படங்களில்தான், குறைந்த ஆளை வைத்துக்கொண்டு வேகமாக எடுக்கும் பழக்கம் அவருக்கு வந்திருக்கும். பழைய வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு சினிமாவுக்கு வர வேண்டியதில்லை, அதைக் கையோடு கொண்டு வரலாம் என்ற தைரியம் எனக்கு அவரால்தான் வந்தது.

திரைக்கதை எழுதக் கற்றுக்கொண்டது தனிக் கதை. ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. உள்ளதை உள்ளபடி, அளவோடு, உணர்ச்சி கலக்காமல் எழுத வேண்டும் என்பது அதில் சட்டம். இது திரைக்கதைக்குத் தடையாக இருக்கும் என்று சினிமா நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் பேய்க்கதைக்கு அதுதான் பொருத்தமான மொழி என்று எழுத எழுதத் தெரிந்தது. "திகிலூட்டும் அமைதி" என்று எழுதினால் காகிதத்தில் ஒன்றும் நடப்பதில்லை. யார் எங்கே நிற்கிறார், கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, எந்தச் சத்தம் கேட்கிறது, எது நின்றுவிட்டது, இதை மட்டும் எழுதினால் படிக்கிறவர் தானாகவே மெதுவாகிறார். நான் எடுத்த குறும்படத்திலிருந்து நான்கு வரி:

விடிகாலை. கொல்லைப்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்.
அவள் எழுந்து அணைக்கப் போகிறாள்.
ஸ்விட்ச் ஏற்கெனவே அணைந்திருக்கிறது.
மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வரிக்கு ஒரு ஷாட். வரிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் எடிட்டர் வேலை செய்யப்போகிறார், ஆகவே அந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். டிஸ்கஷனில் உட்கார்ந்து வாயால் கதை சொல்லியே படம் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் ரொம்ப வருடமாக இருக்கிறது. அதில் பெரிய கலைஞர்கள் வந்திருக்கிறார்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் சின்ன யூனிட்டை வைத்துக்கொண்டு எடுக்கிறவன் பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது முழுதாக எழுதி முடித்த திரைக்கதை, இல்லாமல் லொகேஷனுக்குப் போகவே கூடாது. அங்கே போய் யோசிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் லைட்டுக்கும் கேமராவுக்கும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும், சாப்பாட்டுக்கும் பேட்டாவுக்கும் காசு போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் குறும்படத்தின் கதை இதுதான். ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவருகிறார்கள். அங்கே முன்பு இருந்த ஒரு அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் வீடு கைமாறியது அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் பழிவாங்க வரவில்லை, விடியற்காலையில் தொட்டியை நிரப்புகிறார், வாசலைத் தெளிக்கிறார், அடுப்படியில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிறார். தன் வீட்டு வேலையைத் தான் செய்கிறார். அவ்வளவுதான் கதை. பார்த்தவர்களில் பலர் பயந்ததைவிட, கடைசியில் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குழப்பத்துக்காகத்தான் எடுத்தேன்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பேய்ப்படத்தில் பாதிக்கு மேல் அதுதான். நம்மூர் வீடு ஒன்றும் அமைதியான இடம் இல்லை. பல்லி, சுவர்க்கோழி, இன்வெர்ட்டரின் முனகல், பக்கத்து வீட்டு குக்கர், தூரத்தில் லாரி. ராத்திரி இரண்டு மணிக்கு முழு அமைதி என்று காட்டினால் தமிழ் காது அதை நம்பாது. கரண்ட் போகும்போது ஃபேன் மெதுவாக நின்று, ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கி, அதுவரை கேட்காத சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குமே, எந்த இசையமைப்பாளராலும் அதைச் செய்ய முடியாது. என்னோடு வேலை செய்த சவுண்ட் ரெக்கார்டிஸ்ட், ஒவ்வோர் அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்வார். ரூம் டோன் என்பார்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அது வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் அது வேறு வேறாக இருக்கும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. இத்தனை வருடம் அறைகளை அளந்தவன், காதால் அளந்ததில்லை. டேக்கின்போது ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள், கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போடுவதற்காக. வீடு கொடுத்தவரின் பால் கெட்டுப்போகக் கூடாது இல்லையா.

இன்ஜினியர் என்பதால் இன்னொரு விஷயம் என்னை ரொம்ப இழுத்தது. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அங்கே பேய் இருக்கிறது என்று பேச்சு. அவருக்கே ஒருநாள் குளிரெடுத்து, கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்து, திரும்பிப் பார்த்தால் காணவில்லை. மறுநாள் வாள்சண்டைக் கத்தி ஒன்றை வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் மாட்டி வைத்திருந்தார், அது தானாக அதிர்ந்தது. துருவிப் பார்த்தால், புதிதாகப் பொருத்தியிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த அறையில் கிட்டத்தட்ட 19 ஹெர்ட்ஸ் அதிர்வை உண்டாக்கிக்கொண்டிருந்தது. மனிதக் காது பொதுவாக 20-க்குக் கீழே கேட்காது. ஃபேனைச் சரிசெய்ததும் பேயும் போய்விட்டது. 1998-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இந்த விளக்கம் எல்லாப் பேய் வீட்டுக்கும் பொருந்தும் என்று எல்லோரும் ஏற்கவில்லை, நானும் பேய்களை விளக்கித் தள்ள இதைச் சொல்லவில்லை. ஒரு கட்டடம், நமக்குத் தெரியாமலே, நம் உடம்பின் மேல் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் கிடைத்த பொருள்.

வியாபாரப் பக்கம் சுருக்கமாக. பேய்ப்படம் என்றதும், காமெடி இருக்கா, பாட்டு எத்தனை என்பதுதான் பேசப்போன எல்லா இடத்திலும் முதலில் வந்த கேள்வி. 2007-இல் 'முனி', 2011-இல் 'காஞ்சனா', 2014-இல் 'அரண்மனை' என்று சிரிப்பும் பயமும் கலந்த படங்கள் அடுத்தடுத்து ஓடியதால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். குடும்பத்தோடு வந்து பிள்ளைகள் கத்திச் சிரித்துப் பார்த்த படங்கள் அவை. ஆனால் 2009-இல் வந்த 'யாவரும் நலம்' பாழடைந்த பங்களாவை விட்டுவிட்டு, புது அப்பார்ட்மெண்டுக்குள், தினமும் வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி சீரியலுக்குள் பயத்தைக் கொண்டுவந்து வைத்ததே, அதற்கும் ஆட்கள் வந்தார்கள். நான் போக நினைப்பது அந்தப் பாதை. சென்சாரும் ஒரு கணக்கு. 'ஏ' சான்றிதழ் வாங்கினால் அந்தப் படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது, விலை அடிபடும். எனக்கு ரத்தம் காட்டுவதில் ஆர்வம் இல்லை என்பதால் இதில் பெரிய பிரச்சினை வராது என்று நினைக்கிறேன். யூடியூபில் போடும் குறும்படத்துக்குச் சென்சாரே தேவையில்லை. புதிதாக வருகிறவர்கள் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, எழுதி முடித்த திரைக்கதையைத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யாமல் யாரிடமும் நீட்டாதீர்கள்.

வீட்டுப் பொருளாதாரம் கேட்பீர்கள். மனைவி ஆசிரியை, அவருடைய சம்பளத்தில்தான் குடும்பம் நிற்கிறது. நான் தெரிந்த பில்டர்களுக்கு பிளானும் எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்துக் கொஞ்சம் கொண்டுவருகிறேன். வங்கி வேலையை மட்டும் முழுதாக விட்டுவிட்டேன். காலையில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு ஏல விலை போட்டுவிட்டு, ராத்திரி அதே மாதிரிக் குடும்பத்தைப் பற்றிக் கதை எழுத என்னால் முடியவில்லை. மனைவியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "எழுதாம இருந்தா இதைவிட நல்லா இருப்பீங்களா?" இல்லை என்றேன். மாமனார் மட்டும் இன்னமும், "மாப்ள, அந்த லைசென்ஸ மட்டும் ரினியூவல் பண்ணி வெச்சுக்குங்க" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார், பண்ணியும் வைத்திருக்கிறேன்.

இப்போது முழுநீளப் படத்தின் திரைக்கதை இரண்டாவது வரைவில் இருக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு பூட்டுப் போட்ட ஒரு பெரிய வீடு, அதை அளக்க வரும் ஒரு பெண் இன்ஜினியர். பத்திரத்தில் இருக்கும் அறைகளின் எண்ணிக்கையும் அவள் அளந்ததில் வரும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம், கல்யாண ஷூட்டிங்கிலும் விளம்பரத்திலும் அதிகம் வராத வீடாக இருந்தால் நல்லது. பாலிஷ் போட்டுப் புதுப்பித்தது வேண்டாம், ஆனால் மேல்தளமும் உத்திரமும் ஆள் ஏறி நடக்கத் தாங்க வேண்டும், அதை நானே வந்து சோதித்துக்கொள்வேன். பங்காளிகள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு, ஒருவரைக்கூட விடமாட்டேன். லைவ் சவுண்டில், அதாவது படப்பிடிப்பின்போதே சத்தத்தைப் பதிவு செய்து, எடுக்கப்போகிறோம், ஆகவே பக்கத்தில் ரைஸ் மில்லோ பஸ் ஸ்டாண்டோ இருக்கக் கூடாது. அப்படி ஒரு வீடு தெரிந்தால் சொல்லுங்கள், முதலில் நான் மட்டும் டேப்போடும் ரெக்கார்டரோடும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.